சப்பாத்துக் காலோடு ஒரு நேர்த்தி

அன்று வெள்ளிக்கிழமை. முழுகிவிட்டு ஈரக்காலோடு சாமிப் படங்களுக்கு முன்னால் நின்றேன். பனிக்காலத்து ஓட்டுத் தரை. கால் வைத்ததும் சுள்ளென்று குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. காலுக்கும் தரைக்கும் நடுவில் யாரோ ஒரு சாக்கை மடித்துப் போட்டது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். சாக்கு இல்லை.

எனக்கு வருத்தம் (நோய்) தொடங்கியது இப்படித்தான். இதே வருத்தம் வந்து படுத்திருப்பவர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருப்பவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் தெரியும்.

நாங்கள் இருப்பது சுவிஸில், பீல். கைமணிக்கூடு செய்கிற ஊர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இவர், என் கணவர், ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. எனக்குத் தொழிற்சாலையில் முள் பூட்டும் வேலை. சாவணத்தால் (சிறு இடுக்கி) முள்ளைப் பிடித்து மணிக்கூட்டின் நடுவில் இருத்த வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை அது.

திங்கட்கிழமை சாவணம் கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன். திரும்பவும் விழுந்தது. பின்னேரம் வீட்டுப் படி ஏறும்போது முழங்கால் மடிந்து படியிலேயே இருந்துவிட்டேன். அடுத்த நாள் எங்கள் குடும்ப வைத்தியர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மற்றக் காலிலும் தட்டினார். அதுவும் சும்மா கிடந்தது. அதுவரை பகிடி விட்டுக்கொண்டிருந்த மனிதர் பேச்சை நிற்பாட்டிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். என்னை அம்புலன்சில் ஏற்றி பேர்ணுக்குக் கொண்டு போனார்கள்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். நரம்புகளில் மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். பிறகு நரம்பு மருத்துவர் வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தார். என் வயதுப் பெண். எனக்கு விளங்கவேண்டுமென்று மெதுவாகச் சொன்னார். வருத்தத்தின் பெயர் கியான்-பாரே (உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தியே பிழையாக எண்ணி நரம்புகளின் மேலுறையைத் தாக்குவது). சில கிழமைகளுக்கு முன் எனக்கு வந்த வயிற்றோட்டம் அதைக் கிளப்பி விட்டிருக்கலாமாம்.

"காவலுக்கு வைத்த நாய் வீட்டுக்காரரையே கடிக்கிறது" என்று அவர் சொன்னார். அது எனக்கு உடனே விளங்கியது.

இங்கே எல்லோருக்கும் நான் ஃப்ராவ் (திருமதி) தர்மலிங்கம். தர்மலிங்கம் இவருடைய பெயர். முதல் நாட்களில் தாதிமார் அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம், இவரைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் கிடந்தேன். அறிவு மங்கிவிட்டது என்று எழுதி வைத்தார்களாம். இவர் வந்துதான் விளங்கப்படுத்தினார்.

பலவீனம் காலிலிருந்து ஏறியது. இடுப்பு, வயிறு, கை, கடைசியில் முகம். கண்ணை முழுதாக மூட முடியவில்லை. மூச்சையும் பிடித்துவிடுமோ என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்மா மாற்றினார்கள் (இரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் விட்டு, அதன் நீர்ப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வேறு திரவம் சேர்த்துத் திரும்ப உடம்புக்குள் விடுவது). என் இரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வேறு எதைப் பார்ப்பது?

அப்போதுதான் நேர்ந்தேன். கை கூப்ப ஏலாது. வாய் கோணியிருந்தது. மனதுக்குள்தான் சொன்னேன். முருகா, என் காலைத் திருப்பித் தா. வெறுங்காலோடு கதிர்காமத்துக்கு நடந்து வாறன்.

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் பிறந்தவள். ஆடித் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்தால்தான் சனம் முருகனின் வேலை முன்னால் பிடித்துக்கொண்டு, கடற்கரையாலும் காட்டாலும் கதிர்காமத்துக்கு நடந்து போகும். ஒருவர் காலிலும் செருப்பு இராது. அது அந்த நடையின் முறை.

வருத்தம் மூச்சுக்கு வரவில்லை. முகத்தோடு நின்றது. சில நாள் அப்படியே நின்றுவிட்டு, வந்த வழியால் இறங்கத் தொடங்கியது. முதலில் முகம் நேரானது. பிறகு கை. நேர்ந்ததை இவரிடம் சொன்னேன். இவர் யாழ்ப்பாணத்தார், எதையும் நேரே கேட்பவர்.

"இஞ்சரும், அகதியெண்டு எங்களுக்குத் தந்த பயணப் புத்தகத்தில என்ன எழுதிக் கிடக்கு? இலங்கையைத் தவிர எல்லா நாட்டுக்கும் போகலாம் எண்டு. தொண்ணூறில சண்டை திரும்பத் துவங்கினதோட அந்தக் காட்டுப் பாதையாலயும் ஆக்கள் போறேல்லை. நேர்த்தி வைக்கேக்கை இதெல்லாம் யோசிக்கேல்லையோ?"

"கண் மட்டும் அசையிற ஆள் எதை யோசிக்கிறது?" என்றேன்.

"கால் வந்தாலும் வழி வராது போல கிடக்கு" என்றார்.

எனக்கு முருகனில் கோபம் வந்தது. அதைச் சொல்ல வெட்கமில்லை. கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறாய். தந்ததற்கு நான் செய்ய வேண்டியதைச் செய்ய விடாமல் வழியை அடைத்தும் வைத்திருக்கிறாய். இது என்ன நியாயம்? தினமும் திருநீறு பூசும்போது இதைக் கேட்டேன். நம்புகிறபடியால்தான் கேட்டேன்.

மாசியில் என்னை றெகாவுக்கு (வருத்தம் தணிந்த பிறகு உடம்பைப் பழக்கும் மருத்துவமனை) மாற்றினார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிறுத்தி, முழங்கால் மடியாமல் இருக்கப் பட்டி கட்டி, நடக்கச் சொன்னார்கள். குழந்தை நடை பழகுவது போல என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். குழந்தைக்கு விழப் பயமில்லை.

அங்கே எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கியோகோ. யப்பான்காரி, சுவிஸ்காரரைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். பனியில் வழுக்கி இடுப்பு எலும்பு உடைந்து, உள்ளே இரும்பு வைத்திருந்தார்கள். எங்கள் இருவரின் ஜெர்மனும் ஒரேயளவு நொண்டி. அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. என் பெயர் பரமேஸ்வரி என்று சொன்னேன். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு "பரமா-சான்" (சான் அவர்களுடைய மரியாதைச் சொல்) என்று சுருக்கிக்கொண்டார்.

என் நேர்த்தியைச் சொன்னபோது, "உங்கள் கடவுள் நடந்து வரச் சொன்னாரா?" என்று கேட்டார்.

"இல்லை. நான்தான் வருகிறேன் என்றேன்."

"அப்படியென்றால் பிழை அவரில் இல்லை" என்று சிரித்தார். பிறகு, தான் பிறந்த ஷிகொக்கு என்ற தீவைப் பற்றிச் சொன்னார். அந்தத் தீவைச் சுற்றி எண்பத்தெட்டுக் கோயில்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகிற பழைய பாதை. மலை, காடு, கடற்கரை, வயல், ரோட்டு எல்லாம் வரும். வெள்ளை உடுப்பும் கையில் ஒரு தடியுமாக ஆட்கள் கியோகோவின் வீட்டு வாசலால் போவார்களாம். அம்மா தோடம்பழம் (ஆரஞ்சு) கொடுப்பாராம். கொடுப்பதை வேண்டாமென்று சொல்லக் கூடாதாம்.

"எங்கட பக்கமும் அப்பிடித்தான். மோர் குடுப்பம், சர்க்கரைத் தண்ணி குடுப்பம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு ஜெர்மனில் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன்.

"நீங்கள் நடந்தீர்களா?" என்று கேட்டேன்.

"நானா? வாசலில் பிறந்தவர்களுக்கு அது வெறும் ரோட்டு. இப்போது இடுப்பில் இரும்பு ஏறிய பிறகுதான் ஆசை வருகிறது."

"ஏன் வெள்ளை உடுப்பு?"

"வழியில் செத்தால் உடுப்பு மாற்றத் தேவையில்லை." இதை அவர் நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னார். முந்திய காலத்தில் வைத்தியர் கைவிட்டவர்களும், வீட்டார் கைவிட்டவர்களும் அந்தப் பாதையில் இறங்கி விடுவார்களாம். சிலர் சுகமாகித் திரும்பினார்கள். சிலருக்கு வழியோரத்தில் கல் நட்டிருக்கிறது.

நான் அழவில்லை. எனக்கு உள்ளே ஏதோ மூண்டது. வருத்தக்காரர் என்றால் படுத்திரு, போர்த்திரு, சூப்பைக் குடி என்று சொல்கிற உலகத்தில், வருத்தத்தோடே எழும்பி நட என்று ஒரு பாதை இருக்கிறதா? அந்தப் பாதைக்கு என் பயணப் புத்தகத்தில் தடையும் இல்லை.

அன்று பின்னேரம் இவர் வந்ததும் சொன்னேன். இவர் கொண்டுவந்த இடியப்பப் பெட்டியைத் திறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கதிர்காமத்தானுக்கு நேர்ந்ததை யப்பான் சாமிக்குச் செய்யேலுமோ? அந்தாளுக்கு உம்மை ஆரெண்டே தெரியாது."

"மாம்பழத்துக்காக உலகத்தைச் சுத்தினது ஆர்?"

"முருகன்."

"பிள்ளையார்தானே இருந்த இடத்தில சுத்தினவர். முருகன் மயிலில ஏறி முழு உலகமும் போனவர். அப்ப யப்பானுக்கு மேலாலயும் போயிருப்பார்தானே? அவர் போன வழியில நான் நடந்தால் என்ன பிழை?"

இவர், "உம்மடை வாய்க்கு ஒரு வருத்தமும் வரேல்லை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தார்.

கோடையில் வீட்டுக்கு வந்தேன். தடியோடு நடந்தேன், பிறகு தடியில்லாமல் நடந்தேன். ஆனால் பாதங்களில் உணர்ச்சி திரும்பவில்லை. நரம்பு மிக மெதுவாகத்தான் வளருமாம், கடைசியில்தான் பாதத்துக்கு வருமாம், சிலருக்கு வராமலே விடுமாம். கணுக்காலுக்குக் கீழே எனக்குச் சூடு இல்லை, குளிர் இல்லை, நோவும் இல்லை. கால் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

கியோகோவும் வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய வீடு பஸ்ஸில் போகிற தூரம். யப்பானிலுள்ள தம்பி தொலைநகலில் அனுப்பிய வரைபடங்களை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இருவரும் திட்டம் போட்டோம். பாதையை எந்தக் கோயிலிலிருந்தும் தொடங்கலாம். பகுதி பகுதியாகவும் முடிக்கலாம். என் வீட்டில் இவருக்கு வருசத்தில் நாலு கிழமை விடுமுறை. அதற்குள் முடிந்தளவு, மிச்சம் பிறகு என்று தீர்மானித்தோம்.

எங்கள் கோயில் அப்போது ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தின் நிலக்கீழ் அறையில் இருந்தது. அங்கே பூக்கட்டுகிற இரத்தினம் அக்காவின் காதுக்குச் செய்தி போய்விட்டது.

"என்ன பிள்ளை, புருசன் கல்லுமாதிரி நிக்கேக்கை வெள்ளை உடுக்கப் போறியாம்?"

"ஆஸ்பத்திரியில எனக்கு உடுத்திவிட்டதும் வெள்ளைதான் அக்கா. அதாலை இவருக்கு ஒண்டும் நடக்கேல்லையே."

பக்கத்தில் பிரசாதக் கிண்ணத்தோடு நின்ற இவர், "நான் இன்னும் இருக்கிறன் எண்டு ஆரும் அவவுக்குச் சொல்லுங்கோ" என்றார். இரத்தினம் அக்காவும் சிரித்தார். ஆனால் போகும்போது என் கையைப் பிடித்து, "வெள்ளையோ பச்சையோ, நேர்த்தியெண்டால் வெறுங்கால். அதை மாத்திப் போடாதை" என்றார்.

அதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வெறுங்கால் என்றுதான் நேர்ந்தேன். ஆகவே வெறுங்காலோடு பழக வேண்டும் என்று எண்ணினேன்.

பீல் ஏரிக்கு மேலே முந்திரிகைத் (திராட்சை) தோட்டங்களுக்கு நடுவால் ஒரு பாதை போகிறது. புரட்டாதியில் ஒரு நாள் தனியாக அங்கே போய், செருப்பைப் பைக்குள் வைத்துவிட்டு நடந்தேன். கூரான சரளைக் கல். மற்றவர்கள் துள்ளித் துள்ளிப் போவார்கள், நான் கம்பளத்தில் போவது போலப் போனேன். நோவில்லை. நோவில்லாததை முருகனின் கிருபை என்றே எடுத்துக்கொண்டேன். பாதையின் கரையில் இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டேன்.

அப்படியே வெறுங்காலோடு வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக்கு வைத்தேன். கொஞ்சத்தில் இவர் வேலையால் வந்தார். கதவைத் திறந்ததும், "கீழ்ப் படியிலயிருந்து ஆரோ இரத்தம் சிந்திக்கொண்டு போயிருக்கினம். கீழ்வீட்டுச் சுவிஸ்கார மனுசி வந்தால் வெளிநாட்டுக்காரர்தான் எண்டு எங்களைத்தான் சொல்லப் போகுது" என்றார். வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர் கீழிருந்து ஒவ்வொரு படியாகத் துடைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. முதலாம் மாடி. இரண்டாம் மாடி. எங்கள் தளத்திலும் துடைத்தார். பிறகு எங்கள் கதவு நிலையில் துடைத்தார். பிறகு உள் நடையில். முழங்காலில் நின்றபடி துடைத்துத் துடைத்துச் சமையலறைக்குள் வந்து, என் வலது காலுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சரும்" என்றார்.

முந்திரிகைக் கொடியை இழுத்துக் கட்டுகிற கம்பித்துண்டு ஒன்று சுண்டுவிரலுக்குக் கீழே பாய்ந்து நின்றது. நான் கேத்தலைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது யாருடையவோ கால் போல இருந்தது.

கம்பியை இழுத்து எடுத்து, கழுவி, மஞ்சள் அரைத்துக் கட்டினோம். மருத்துவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் பயணத்தை மறிப்பார் என்று பயம். நோகாத காயத்தை யாரும் பெரிய காயமாக எண்ணுவதில்லை. நாங்களும் எண்ணவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் கட்டை அவிழ்த்துப் பார்த்தோம். விரல் கறுத்து வீங்கியிருந்தது. கிருமி எலும்புக்குள் போய்விட்டது என்றார்கள். சுண்டுவிரலை எடுத்தார்கள்.

இதே வருத்தம் வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விசயம் இதுதான். நோவு ஒரு காவல். அது போய்விட்டால் கிருபை என்று கும்பிடாதீர்கள். மஞ்சள் நல்ல மருந்துதான். எலும்புக்குள் போனதை அது தொடாது.

தையல் வெட்டிய அன்று நரம்பு மருத்துவரும் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"ஃப்ராவ் தர்மலிங்கம், உங்கள் பாதத்தில் உணர்ச்சி திரும்பும் என்று நான் வாக்குத் தர முடியாது. இந்தப் பாதங்களோடு மலைப்பாதையில் நடப்பதை நான் விரும்பவில்லை."

"டொக்டர், போகலாமா என்று நான் கேட்கவில்லை. எப்படிப் போவது என்று கேட்கிறேன்."

இவர் பக்கத்தில் நின்று என் தோளைத் தட்டினார். நிறுத்து என்ற தட்டு அது. நான் நிறுத்தவில்லை. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் அன்று செலவழித்தேன். "நான் பத்து விரல் கேட்டு நேரவில்லை. கால்தான் கேட்டேன். கால் இருக்கிறது. இந்தக் காலோடு பாத்திரம் கழுவ வீட்டில் நிற்கலாம், தொழிற்சாலைக்குப் போகலாம், அதற்கெல்லாம் நீங்கள் ஓம் என்கிறீர்கள். நடப்பதற்கு மட்டும் ஏன் இல்லை? வீட்டில் பத்திரமாக வைத்திருக்கவா இதைத் திருப்பித் தந்தீர்கள்?"

மருத்துவர் எழுந்து ஜன்னலடிக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "சரி, எப்படி என்று கேட்டீர்கள். கேளுங்கள்" என்றார்.

அன்று அவர் சொன்னவற்றை இங்கே சொல்கிறேன், யாருக்காவது உதவும். வெறுங்கால் என்பது வீட்டுக்குள்ளும் இனி இல்லை. காலின் அளவெடுத்துச் செய்த சப்பாத்துத்தான் போட வேண்டும். போட முதல் சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவ வேண்டும், ஒரு சின்னக் கல்லும் எதிரி. தையல் உறுத்தாத காலுறை. ஒவ்வொரு தரிப்பிலும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். "உங்கள் கால் இனிப் பேசாது. நீங்கள்தான் போய் விசாரிக்க வேண்டும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் கேட்டார், "அப்ப வெறுங்கால் நேர்த்தி?"

வெறுங்கால் என்றுதான் நேர்ந்தேன். அதை எப்படி மாற்றுவது? பல நாள் அது என்னை அரித்தது. கியோகோவிடம் கேட்டேன், உங்கள் கோயில்களுக்குச் சப்பாத்தோடு நடந்து போவார்களா என்று. "மலையில் பனி கிடக்கும் பரமா-சான். வெறுங்காலோடு யார் போவார்கள், பைத்தியமா?" என்றார். அவருக்கு அது ஒரு கேள்வியே இல்லை. எனக்கு அதுதான் முழுக் கேள்வியும்.

சப்பாத்து வந்தது. கறுப்பு, உயரமானது, பாரமானது. சுண்டுவிரல் இருந்த இடத்துக்கு மெத்தென்று ஒரு அடைப்பு. பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. பெட்டியோடு கோயிலுக்குப் போனேன்.

"ஐயா, இதுக்கு ஒருக்காப் பூசை செய்து தாங்கோ."

ஐயர் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மா, இது சப்பாத்து."

"ஓம் ஐயா."

"சப்பாத்துக்குப் பூசை செய்யிறேல்லை அம்மா."

"போன கிழமை உங்கட கையால ஒரு காருக்குச் செய்தனீங்கள். தேசிக்காய் வெட்டி, சில்லுக்குக் குங்குமமும் வைச்சனீங்கள். அந்தச் சில்லு ரோட்டில கிடக்கிற எல்லாத்தையும்தானே மிதிக்குது?"

"அது வாகனம் அம்மா."

"இது என்ர வாகனம் ஐயா. எனக்குக் கால் தெரியாது. இதிலதான் நான் போக வேணும்."

பூக்கட்டிக்கொண்டிருந்த இரத்தினம் அக்கா கையை நிறுத்திவிட்டு, "சப்பாத்தோடை போனால் அது உலாத்து, பிள்ளை. நேர்த்தியில்லை" என்றார்.

அப்போது எனக்குள் இருந்ததெல்லாம் வாய்க்கு வந்தது. "அக்கா, வெறுங்கால் எண்டு ஏன் வைச்சவை? கல்லும் முள்ளும் குத்த வேணும், அந்த நோவைச் சாமிக்குக் குடுக்க வேணும் எண்டுதானே? எனக்குக் கல் குத்தினால் தெரியாது. நெருப்பில நிண்டாலும் தெரியாது. வெறுங்கால் எனக்குச் சும்மா சுகம் அக்கா. இந்தப் பாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு தரமும் கழட்டிக் கழட்டிப் பார்த்து நடக்கிறதுதான் கயிட்டம். கயிட்டமானதைத்தான் நான் குடுக்கப் போறன்."

இரத்தினம் அக்கா பூவை எடுக்கவில்லை. ஐயர் உள்ளே போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"திருநீறு. கொண்டு போங்கோ. எதுக்குப் பூசுறியள் எண்டு நான் கேக்கமாட்டன்."

வீட்டில் சாமிப் படங்களுக்கு முன்னால் பத்திரிகைத் தாளை விரித்து, அதில் சப்பாத்தை வைத்தேன். இவர் வாசலில் நின்று பார்த்தார். செருப்பை வாசலுக்கு இங்கால் எடுக்க விடாத மனிதர். நான் திருநீறு பூசி, சந்தனம் வைத்து, கற்பூரம் கொளுத்தினேன். எனக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. ஆனாலும் காட்டினேன். முருகா, நீ தந்த கால் இது. இதற்கு ஏற்ற சப்பாத்து இது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் காலைத் திருப்பி எடு. எடுக்கும்வரை நடப்பேன்.

கற்பூரம் முடியுமட்டும் நின்ற இவர், உள்ளே வந்து தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். "இனி எனக்கும் ஒரு சோடி வாங்க வேணும்" என்றார்.

பங்குனியில் போகிறோம். விசா வந்துவிட்டது. கியோகோவும் வருகிறார், இடுப்பில் இரும்போடு. முதல் சில கோயில்கள் சமதரையில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு மலை. மருத்துவருக்கு இப்போதும் விருப்பமில்லை. ஆனால் காலைப் பார்க்கிற கண்ணாடியை வாங்கித் தந்தது அவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, முதுகில் பையைக் கட்டிப் பழகுவதற்காக நானும் இவரும் பீலிலிருந்து மேலே மலையிலுள்ள மாக்லிங்கனுக்குக் காட்டுப் பாதையால் ஏறினோம். பக்கத்தால் கயிற்று ரயில் போகிறது. எல்லோரும் அதில்தான் போவார்கள். பாதி ஏற்றத்தில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றினேன். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு.

சிவப்புக்கு மருத்துவர் ஒரு விதி சொல்லியிருக்கிறார். இருந்தால் மங்க வேண்டும். மங்கினால் நடக்கலாம். மங்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும்.

"எத்தினை நிமிசம் பாக்கிறது?" என்று இவர் கைமணிக்கூட்டைப் பார்த்தார்.

"மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ. காலைப் பாருங்கோ."

இருவரும் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மரங்களில் இலையில்லை. நிழலில் பழைய பனி கிடந்தது. நாயோடு வந்த ஒரு வயதான சுவிஸ்காரர், பனிக்காலத்தில் ஒருத்தி கால் உறையைக் கழற்றிவிட்டு இருப்பதைப் பார்த்து நின்றார். ரயில் நிலையம் கிட்டத்தான் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகவா என்று கேட்டார்.

"நன்றி. காத்திருக்கிறோம்" என்றேன்.

"யாருக்காக?"

"என் காலுக்காக."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் வேலை செய்கிற ஊரில் நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பூட்டி உலகத்துக்கு அனுப்புகிறார்கள். நானும் வருசக் கணக்காக அதைச் செய்தவள். வருத்தம் வர முதல், எப்போது போய்ச் சேருவோம் என்று எண்ணிக்கொண்டேதான் எங்கும் நடந்தேன். என் கால் என்னோடு வந்தது, அதை நான் பார்த்ததேயில்லை. இப்போது என் உடம்பில் ஒரு பகுதி எனக்குப் பிந்தித்தான் செய்தி சொல்கிறது. அதுவும் தானாகச் சொல்லாது. நான் நின்று, குனிந்து, கேட்க வேண்டும். கேட்டால் சொல்கிறது. சொல்லும்வரை வேறு நேரம் இல்லை. இதைக் குறை என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். என் பாதத்தை இவ்வளவு அறிந்தவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

சிவப்பு ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கியது. இவர் கண்ணாடியைச் சரித்துப் பிடித்தார். பிறகு அந்த இடம் மற்ற இடத்தின் நிறத்துக்கு வந்தது. எவ்வளவு நேரம் எடுத்ததோ, அவ்வளவு நேரம் எடுத்தது.

சப்பாத்துக்குள் கையை விட்டுத் தடவினேன். காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்தேன். நாடாவைக் கட்டினேன். கீழே ஏரி தெரிந்தது, ஊர் தெரிந்தது. நான் எழும்பி மேல்பக்கம் நடந்தேன். இவர் பின்னால் வந்தார்.